ஆறாம் அடுக்குத் தாடை

திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
22.1.1990

முனாப் அவர்களுக்கு,

கரியின் முடிவு வந்துவிட்டது. 1983 ஜூனில் ஹுன்னஸ்கிரிய குகையின் ஆறாம் அடுக்கில் நாம் எடுத்து வெளிநாட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினோமே, அதே கரி. அதை அவர்கள் மறந்தே போயிருந்தார்கள். என் ஒன்பதாவது கடிதத்துக்குப் பிறகு தேடி எடுத்திருக்கிறார்கள். இருபத்தாறாயிரம் ஆண்டு, முன்பின் சில நூறு.

நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் அல்ல. இந்த எண்ணையும் இரண்டு நாள் நம்பாமல்தான் இருந்தேன். மூன்றாம் நாள் வெளிக்களக் குறிப்பேட்டை எடுத்தேன். நாற்பத்தோராம் பக்கம்: கரிக்கு ஒரு சாண் தள்ளி, அதே அடுக்கில், கீழ்த்தாடை. நான் வரைந்த படம், திகதி, அடியில் உங்கள் கையொப்பம். சந்தேகப்பட ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

குளிரும் மழையுமான அந்த மலைக்காட்டில் அந்தக் காலத்தில் மனிதர் வாழ்ந்திருக்க முடியாது என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என் முகத்துக்கு நேரே சொன்னவர்களை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றீர்கள். அந்தத் தாடைக்கு நாடி, அதாவது மோவாய், இருக்கிறது. முன்னே தள்ளிய, நம்முடையதைப் போன்ற நாடி. குரங்குக்கு இல்லாதது, நியண்டர்தால் மனிதனுக்கும் இல்லாதது. நம்மைப் போன்ற ஒருவர் அந்தக் குகையில் நத்தை சுட்டுத் தின்று, நகமளவு கல்லைக் கத்தியாக்கி, குரங்கு பிடித்து வாழ்ந்திருக்கிறார்.

எண்பத்து மூன்றில் நான் உங்களிடம் விட்டுவந்த எலும்புப் பெட்டி உங்கள் அலுமாரியில் இருக்கும். கண்டியில் படிப்பிக்கும் வரதராசா மாஸ்டர் சித்திரை விடுமுறைக்கு இங்கே வருகிறார். தாடையைப் பஞ்சில் பொதிந்து அவரிடம் கொடுங்கள். எலும்பின் மேல் மையில் எழுதிய இலக்கத்தில் கை படக்கூடாது. அடுக்கு தெரியாத எலும்பு வெறும் எலும்பு என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

தவமணி இராமநாதன்


கலகெதர
9.2.1990

மதிப்புக்குரிய மிஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்து மிகவும் சந்தோசம். இருபத்தாறாயிரம் என்று வாசித்ததும் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அந்தக் குகையில் வௌவால் எச்சத்தில் முழங்கால் புதைய நின்று மண் அரித்ததற்கு ஒரு பலன் வந்ததே.

பெட்டி இருக்கிறது. ஆனால் இப்போது எதையும் ரோட்டில் கொண்டுபோகிற காலமில்லை. கிளர்ச்சியை அடக்குவதாகச் சொல்லி இங்கே கார்த்திகை வரைக்கும் நடந்தது உங்களுக்குப் பேப்பரில் வந்திருக்கும். ஒரு சந்தியைத் தாண்டினால் மூன்று தடவை பை திறக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்.

இப்படிக்கு,
எம். முனாப்


திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
27.2.1990

திரு. முனாப் அவர்களுக்கு,

பெட்டி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தாடை இருக்கிறது என்று எழுதவில்லை. பதினான்கு வருடம் என்னோடு வேலை செய்தவர் நீங்கள். எந்தச் சொல்லை எழுதுவது, எதை விடுவது என்று உங்களுக்கு நான்தான் பழக்கினேன். அந்தப் பழக்கத்தை என்னிடமே காட்டுகிறீர்கள்.

நேராகவே கேட்கிறேன். பேராதனையில் என் கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்துவிட்டீர்களா? அவர் பெயரில் அது வெளிவரப் போகிறதா? உங்களுக்கு ஓய்வுக்கு முன் ஒரு பதவி உயர்வு மிச்சமிருக்கிறது. எனக்கு அது தெரியும்.

அப்படி இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுதுங்கள். வீட்டுச் சுகம் விசாரித்து நான் உங்களுக்கு எழுதவில்லை.

த. இராமநாதன்


கலகெதர
20.3.1990

மிஸ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை என் மனைவி றலியாவுக்கு வாசித்துக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "இந்த மனுசிக்கு எங்கட வீட்டுல ஆக்கள் ஈக்கிறதே தெரியாதா? எம்பத்து மூணு கலவரத்துல நாலு நாள் எங்கட அறையில ஒளிச்சிருந்த. போகக்குள்ள என்ட பச்சச் சேலயத் தலையில போட்டுக்கிட்டுத்தான் லொறியில ஏறின. ஏழு வருசம். எலும்பு, எலும்பு, எலும்பு. சேலக்கி ஒரு வார்த்த இல்ல."

நான் வழக்கமாக உங்கள் பக்கம்தான் பேசுவேன். இந்தத் தடவை பேசவில்லை.

பதவி உயர்வு என்று எழுதினீர்கள். இதுதான் நடந்தது.

போன கார்த்திகையில் இராணுவத்தார் ஊரைச் சுற்றி வளைத்தார்கள். எங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். அதிகாரி தாடையை எடுத்து இலக்கத்தை வாசித்தார். நீங்கள் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும்: டீ.ஆர்., 6, 14.6.83. நமக்கு அது தோண்டியவர் பெயர், அடுக்கு, எடுத்த திகதி. அவர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்: "ஆறாவது ஆள். எண்பத்து மூன்று ஜூன் பதினாலு. மற்ற அஞ்சு பேரையும் எங்க புதைச்ச?"

"சேர், அது ஆளில்ல, மண் அடுக்கு. இது ஆயிரக்கணக்கான வருசத்து எலும்பு" என்றேன். பின்னால் நின்றவன் சிரித்தான். "அப்ப கொலைகாரங்கள்ல இவன்தான் மூத்தவன்" என்றான்.

என்னையும் பெட்டியையும் கண்டியில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். ஐந்து நாள். வலது காது இன்றைக்கும் சரியாகக் கேட்பதில்லை. அவர்கள் அதிகம் கேட்டது ஒரே கேள்வி: டீ.ஆர். யார்? யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தமிழ் மிஸ் என்று சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் வந்திருக்காது, நானும் இருந்திருக்க மாட்டேன். அது குழியின் பெயர் என்றேன். ஐந்து நாளும் குழியின் பெயர் என்றேன். கடைசியில் ஒரு டொக்டர் வந்து பார்த்து, எலும்பு கல்லாகிப் போயிருக்கிறது, மிகப் பழையது என்றார். பெட்டியைக் கையில் கொடுத்துப் போ என்றார்கள்.

முகாம் வாசலில் பெண்கள் நின்றார்கள். எந்த நாளும் நிற்பவர்கள். ஒருத்தி என் பின்னாலேயே பஸ் நிலையம் வரை வந்தாள். இரத்தினம்மா என்று பெயர். ஹுன்னஸ்கிரிய தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள்.

"அண்ணே, உள்ளருந்தா வாரீங்க? எம்புள்ள யோகராஜு. மேல முன்பல்லு ஒடஞ்சிருக்கும். பாத்தீங்களா?"

இல்லை என்றேன்.

"பொட்டியில என்னாங்க?"

"பழைய எலும்பும்மா."

"யாரு எலும்பு?"

பெட்டியைப் பிடித்தாள், விடவில்லை. ஆட்கள் பார்க்கத் தொடங்கினார்கள். திறந்தேன். தாடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது கீழ்த்தாடை, மிஸ். உடைந்த மேற்பல்லை வைத்து ஆளைச் சொல்ல வழியில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். "அவந்தாங்க. தாவாங்கட்டையப் பாருங்க. அப்படியே எங்கப்பா" என்றாள்.

நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் மற்ற எலும்புகளில் இருந்த இலக்கங்களை எல்லாம் சவர அலகால் சுரண்டிவிட்டேன். ஒன்று மிச்சமில்லை. பெட்டி இருக்கிறது என்று எழுதியது பொய்யில்லை.

எம். முனாப்


திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
8.4.1990

முனாப்,

நான் எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு நாளாக அடங்காத கோபம். அதை உங்களுக்குத்தான் எழுத முடியும்.

உங்கள் காதுக்கு வருந்துகிறேன். என் பெயரைச் சொல்லாமல் இருந்தீர்கள். அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைப் பற்றி நான் எழுதுவதில்லை.

ஆனால் சுரண்டியது? முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு சுரண்டியிருக்கிறீர்கள். பழையது என்று டொக்டர் சொல்லி, அவர்களே திருப்பித் தந்த பிறகு. நாற்பத்திரண்டு எலும்பு, பல். எந்த அடுக்கு எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எரித்திருந்தால் குறைந்தபட்சம் ஒரு முடிவாவது இருந்திருக்கும். இப்போது உங்கள் அலுமாரியில் இருப்பது ஒரு பெட்டி சந்தேகம்.

தாடை ஒன்றுக்குத்தான் இன்னும் வழியுண்டு. நாற்பத்தோராம் பக்கத்தின் படம் என்னிடம் இருக்கிறது. இடது பக்க வெடிப்பு, விழுந்துபோன முன்கடைவாய்ப் பல், எல்லாம் அளவோடு வரைந்திருக்கிறேன். தாடை கைக்கு வந்தால் படத்தோடு பொருத்திக் காட்டுவேன். இலக்கம் தேவைப்படாது.

அதைத்தான் பஸ் நிலையத்தில் தானம் செய்திருக்கிறீர்கள். நாடியைப் பார்த்து மகன் என்றாளாம், நீங்கள் சும்மா நின்றீர்களாம்! முனாப், நாடி உங்களுக்கும் இருக்கிறது, உங்களை அடித்தவனுக்கும் இருக்கிறது. மனிதராகப் பிறந்த எல்லோருக்கும் இருப்பதால்தான் அது நமது இனத்தின் அடையாளம். அதை வைத்து ஒரு மகனை எப்படி அடையாளம் காண முடியும்? உங்களுக்கு இது தெரியாதா? மாணவர்களுக்கு மாதிரி எலும்பு எடுத்துக் கொடுத்தபடி இந்த விரிவுரையை வருடத்துக்கு ஒருமுறை கேட்டவர் நீங்கள்.

தாடையைத் திருப்பி வாங்குங்கள்.

தவமணி


9.4.1990

நேற்றைய கடிதம் தபாலில் போய்விட்டது. அதில் முக்கியமானதை நான் எழுதவில்லை.

அந்தப் பையனுக்கு என்ன வயது என்று நீங்கள் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும் தாயின் மகன், முகாமில் பிடித்து வைக்கிற வயது. பத்தொன்பது, இருபது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தத் தாடையின் கடைசிக் கடைவாய்ப் பல்லும் முளைத்துத் தேய்ந்துபோயிருக்கிறது. மணலும் கல்லும் கலந்த உணவை முப்பது வருடம் மென்ற வாய் அது. ஆளுக்கு முப்பத்தைந்து வயதுக்குக் குறையாது.

நீங்கள் அவளுக்குக் கொடுத்தது ஒரு சாவு. அவள் மகன் இறந்ததற்கு அதைத் தவிர வேறு சாட்சி எதுவும் கிடையாது. அப்படியென்றால் அவன் உயிரோடு இருக்கலாம். அவள் இன்னமும் அந்த வாசலுக்குப் போகிறாளா, முனாப்? போகிறாளா?

தாடையைப் பிறகு பார்ப்போம். முதலில் போய் உண்மையைச் சொல்லுங்கள்.

த.


கலகெதர
12.5.1990

மிஸ் அவர்களுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன. முதலாவதை வாசித்து உங்களுக்கு நான்கு பக்கம் எழுதினேன். இரண்டாவதை வாசித்து அந்த நான்கையும் கிழித்தேன். அடுத்த நாள் ஹுன்னஸ்கிரியவுக்குப் பஸ் ஏறினேன்.

என்னைக் கண்டதும் இரத்தினம்மா பாய் விரித்து உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே, மானாப் புல்லுக்குப் பக்கத்தில், தாடையை அடக்கம் செய்திருக்கிறார்கள். முப்பதாம் நாள் படையலும் முடிந்துவிட்டதாம். யோகராஜுக்குப் பத்தொன்பது வயது. நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள்.

சொன்னேன். குகையைச் சொன்னேன், பல்லைச் சொன்னேன். கடைசி வரை கேட்டாள். பிறகு எழுந்துவந்து தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கி வெளியே ஊற்றினாள்.

"அஞ்சு மாசங்க. நா கேம்பு கேட்டுக்குப் போறத நிப்பாட்டி அஞ்சு மாசம். எங்கூட நின்ன பொம்பளைங்க இன்னமும் நிக்கிறாளுக. ஒரு வார்த்த. வாயில என்னா வச்சிருந்தீங்க?"

"பயந்துட்டன் தங்கச்சி."

"நா மட்டும் என்னா, கண்டிக்குப் பெரஹரத் திருவிழா பாக்கவா வந்தேன்?"

இராமையா என்ற மனிதர் பக்கத்து லயத்தில் இருக்கிறார். மாசி மாதம் வேறொரு முகாமிலிருந்து விடுதலையாகி வந்தவர். சத்தம் கேட்டு வந்து வாசலில் நின்றார். தை மாதம் அங்கே முன்பல் உடைந்த ஒரு பையனைக் கண்டதாகச் சொன்னார். ஏன் இதுவரை சொல்லவில்லை என்று இரத்தினம்மா அவர் சட்டையைப் பிடித்தாள். "நீ கருமாதி முடிச்சுட்டுக் குந்தியிருக்க. நா வந்து என்னான்னு சொல்ல? எங்கண்ணுதான் பெசகுன்னு நெனச்சேன்" என்றார்.

என்னால் ஒரு சாவு உண்டாகிவிட்டது. அதை நம்பி, கண்ணால் கண்ட மனிதனே தன் கண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டான்.

இனித்தான் பெரிய விஷயம். பொலிசுக்குப் போனோம். வழக்குக் கோவையை மூடியாயிற்று என்றார்கள். மார்கழியில் சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியில் அவளிடம் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். மகனின் உடல் எச்சத்தைப் பெற்று அடக்கம் செய்துவிட்டேன், இனி முறைப்பாடு இல்லை என்று இருக்கிறது. அடக்கம் செய்த பிள்ளையை எந்த முகாமில் தேடுவது என்று கேட்கிறார்கள். சிரிக்கிறார்கள்.

றலியாவின் மச்சான் முறையான பஹ்மி கண்டியில் வழக்கறிஞர். அவர் சொல்வது இது: நீதவான் முன்னால் தாடையைத் தோண்டி எடுக்க வேண்டும். அது யோகராஜ் இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு உங்கள் சத்தியக் கடதாசி வேண்டும், கூடவே நாற்பத்தோராம் பக்கமும். 1983 ஜூன் பதினாலில் அந்தத் தாடை நம் கையில் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி இல்லை. பிரதி உதவாது என்கிறார். "நேத்து ராவு கீறினதுன்னு செல்லிப்போடுவானுகள். மூலம்தான் வேணும்." தாடையும் பக்கமும் வழக்குப் பொருளாகப் போகும். திரும்பி வரும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அந்தப் பக்கம் போனால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன் என்று எழுதவில்லை. அவர் சொன்னதை எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று. அதில் உங்கள் முழுப் பெயர் இருக்கிறது. டீ.ஆர். குழியின் பெயர் இல்லை என்பது வெளியே வரும். நான் சாட்சிக் கூண்டில் ஏறுவேன். றலியாவும் ஏறச் சொல்லிவிட்டாள்.

எம். முனாப்


திருநெல்வேலி, யாழ்ப்பாணம்
7.6.1990

முனாப்,

மறுமொழி தாமதித்ததற்குத் தபாலைக் குற்றம் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. முதல் நான்கு நாளும் நான் வேறு வழி தேடினேன். பிரதிக்கு நீதவானிடம் அத்தாட்சி வாங்கலாமா, பக்கத்தைக் காட்டிவிட்டுத் திருப்பிப் பெறலாமா, பல்லின் தேய்வு மட்டுமே போதாதா என்று இங்கே ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். "ரீச்சர், பக்கம் உங்களிட்டத் திரும்பி வராது. அனுப்பிறதெண்டா அதை நினைச்சுக்கொண்டு அனுப்புங்கோ" என்றார்.

அந்த நான்கு நாளும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் உள்ளே இருந்தான். இதை நீங்கள் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாம் நாள் சத்தியக் கடதாசி முடித்தேன். இத்துடன் வருகிறது. ஆங்கிலத்தில் இருக்கிறது, எழுதியிருப்பதை உங்களுக்குச் சொல்கிறேன். தாடையின் சொந்தக்காரர் இறக்கும்போது வயது முப்பத்தைந்துக்குக் குறையாது. 1983 ஜூன் பதினாலாம் திகதி நான் அதை மண்ணிலிருந்து என் கையால் எடுத்தேன். எம். முனாப் உடனிருந்தார். இவ்வளவுதான். இருபத்தாறாயிரம் ஆண்டு என்று எழுதவில்லை. அது கரியின் வயது. தாடைக்கும் அதே வயது என்று சொல்ல எனக்கிருந்த ஒரே ஆதாரத்தைத்தான் உங்கள் கையில் தருகிறேன். அரச தரப்பில் கேட்டால் பழையது, எவ்வளவு பழையது என்று இனிச் சொல்ல முடியாது என்று பதில் சொல்லுங்கள். குளிர்மலையில் மனிதர் இருந்திருக்க முடியாது என்றவர்கள் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கட்டும்.

பெயரை முழுதாக எழுதியிருக்கிறேன். தவமணி இராமநாதன், முன்னாள் பேராதனை, இந்நாள் யாழ்ப்பாணம். டீ.ஆர். யார் என்று மறுபடி கேட்டால் இந்தத் தடவை சொல்லுங்கள். உங்களுக்கு இன்னும் ஒரு காது மிச்சமிருக்கிறது. அதை எனக்காகச் செலவழிக்க வேண்டாம்.

தாடையை எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். சுரண்டிய எலும்புகளில் மறுபடி இலக்கம் எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தாடையில் மட்டும் என் எழுத்து இன்னும் இருக்கும், இரத்தினம்மா அதைக் கழுவித் துடைத்து அடக்கம் செய்யாதிருந்தால். அந்த அதிகாரி ஒரு கொலையின் திகதி என்று வாசித்தாரே, அதே திகதி. அதை நீதவான் வாசிக்கட்டும். பக்கத்தோடு வைத்து வாசிக்கட்டும். கழுவியிருந்தால் வெடிப்பும் பல்லும் போதும்.

இரத்தினம்மாவிடம் என் சார்பாக எதுவும் சொல்ல வேண்டாம். அவளிடம் சொல்லும்படியாக என்னிடம் ஒன்றுமில்லை. யோகராஜ் வந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள்.

இங்கே பேச்சு நல்லதாக இல்லை. கடைகளில் மண்ணெண்ணெய் மறைகிறது. பாதை எத்தனை நாளைக்குத் திறந்திருக்கும் என்று யாரும் சொல்லத் துணியவில்லை. விடுமுறை முடிந்தும் வீட்டு அலுவலாகத் தங்கியிருந்த வரதராசா மாஸ்டர் நாளைக் காலை பஸ்ஸில் புறப்படுகிறார். இந்தப் பொதியை அவர் கையில் கொடுக்கிறேன்.

உள்ளே ஒரு பச்சைச் சேலை இருக்கிறது. ஏழு வருடமாக அலுமாரியில் மடித்தபடி இருந்தது. நான் உடுத்தவில்லை, அனுப்பவுமில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுத நினைத்து, எலும்பைப் பற்றி எழுதினேன். றலியாவிடம் கொடுத்து, அவரையே விரிக்கச் சொல்லுங்கள். நாற்பத்தோராம் பக்கத்தை நான்காவது மடிப்புக்குள் தைத்திருக்கிறேன். நூலை அவர்தான் பிரிக்க வேண்டும். சவர அலகு பிடித்துக்கொண்டு நீங்கள் கிட்டப் போகக்கூடாது.

தவமணி